வாசல் திறந்தால் போதுமா?

ஆய்வுக்கூடத்துத் தராசு பிழையானால், எத்தனை முறை நிறுத்தாலும் விடை பிழையே. வேலைக்கு ஆள் எடுக்கும் விதியும் ஒரு தராசுதான்.

கேரள அரசுப் பணிகளில் பழங்குடியினர்க்கு நூற்றுக்கு 2 இடங்கள் உண்டு. வாசல் திறந்திருக்கிறது, படிகளைப் பார்ப்போம்.

கோவை எல்லையை ஒட்டிய அட்டப்பாடியில் இருளர், முடுகர், குறும்பர் வாழ்கின்றனர். வனக்காவல் பணிக்குப் பழங்குடியினர்க்கென்றே நடந்த தேர்வில், அவ்வூர்ப்பக்கத்து இளைஞர் ஒருவர் எழுத்துத் தேர்விலும் உடற்றிறன் தேர்விலும் வென்றார். ஆயினும் பல் துருத்தியிருக்கிறதென்று அவருக்கு வேலை மறுக்கப்பட்ட செய்தி 2022 டிசம்பரில் வெளிவந்தது. வறுமையால் பல்லைச் சீர்செய்ய இயலவில்லை என்றனர் வீட்டார். காட்டைக் காக்கப் பல்வரிசை எதற்கு? விதி எல்லார்க்கும் ஒன்றே. அதன் சுமையோ ஏழைக்கே. கண்டனம் எழுந்தபின், 2023-இல் அமைச்சரவை அவ்விதியைத் தளர்த்த முடிவு செய்தது.

உள்ளே நுழைந்தோர்க்கும் படிகள் உண்டு. பதவி உயர்வுக்கான துறைத் தேர்வில் தேற, தாழ்த்தப்பட்ட, பழங்குடி எழுத்தர்களுக்கு 1972-இல் கேரள அரசு கூடுதல் காலம் தந்தது. உயர்நீதிமன்றம் அதனைத் தள்ளியது. 1975-இல் தாமஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் அதனை ஏற்றது. சமமற்றோரைச் சமமாக நடத்துவது சமத்துவமாகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

மலையாளம் தெரியாமல் இந்நகரில் விண்ணப்பத் தாளோடு திகைத்து நின்றவர்கள்தாமே நாமும்? நாளை நம்மில் சிலர் விதி எழுதும் நாற்காலியில் அமர்வோம். அன்று ஒவ்வொரு தகுதியையும் எழுதுமுன், “இது வேலைக்கு வேண்டியதா?” என்று கேட்போமாக.