கொண்டைக்கிளி வளர்க்க ஆசையா?

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். அத்தனையையும் கடந்து செம்மேட்டுக்கோ சோளக்காட்டுக்கோ ஒரு கொண்டைக்கிளியைக் கொண்டுபோக உங்களுக்கு ஆசை என்று வைத்துக்கொள்வோம். ஊரை விட்டுப் போகும் குடும்பம் ஒன்று, தான் வளர்த்த பறவையை இனாமாகவே தருகிறது. வாங்கிக்கொள்ளலாமா?

கொஞ்சம் பொறுங்கள்! கிளி மலை ஏறும் முன்பு நீங்கள் செய்யவேண்டிய வேலை நிறைய இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டில் அடைப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வெள்ளை வெளேரென்ற உடலும், விரித்து மடக்கும் கொண்டையும் உள்ள கொண்டைக்கிளியோ அயல்நாட்டுப் பறவை. ஆஸ்திரேலியா, நியூகினி, இந்தோனேஷியத் தீவுகள் ஆகியவை அதன் தாயகம். அதை வளர்க்கலாம், ஆனால் அரசுக்குக் கணக்குக் காட்டவேண்டும். 2022-ல் சட்டம் திருத்தப்பட்டது. 2024-ல் விதிகள் வந்தன. அவற்றின்படி பறவையை 'பரிவேஷ்' என்ற அரசு இணையதளத்தில் பதிவு செய்யவேண்டும். கைமாறினாலும் இறந்தாலும் தெரிவிக்கவேண்டும். ஆகவே, பறவையைத் தருகிறவரிடம் முதலில் பதிவுச் சான்றைக் கேளுங்கள். சான்று இல்லாத பறவை இனாமாக வந்தாலும் வேண்டாம்!

கூண்டும் குளிரும்

கொண்டைக்கிளியின் அலகு குறடு மாதிரி. மெல்லிய கம்பியை வளைத்துவிடும். சாதாரணக் கொக்கியைத் திறக்கவும் கற்றுக்கொள்ளும். இரண்டு சிறகையும் தாராளமாக விரிக்க இடமுள்ள, கெட்டியான இரும்புக் கூண்டு தேவை. கடித்துத் துப்ப மரத்துண்டுகளும் வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் நாற்காலிக்கு ஆபத்து!

மலையில் பனி மூடும் காலத்தில் கூண்டைத் திண்ணையில் வைக்காதீர்கள். அடுப்பங்கரையிலும் கூடாது. புகை அதன் நுரையீரலுக்கு ஆகாது. ஒட்டாத பூச்சுப் பூசிய பாத்திரம் அளவுக்கு மீறிக் காய்ந்தால் வரும் ஆவி, சில நிமிஷங்களில் பறவையைக் கொன்றுவிடும்.

எதைக் கொடுக்கலாம்?

சூரியகாந்தி விதையை மட்டுமே போட்டால் கொழுப்பு ஏறி நோய் வரும். கீரை, காரட், கொய்யா, வேகவைத்த பயறு எல்லாம் கொடுக்கலாம். கொல்லிமலையில் விளையும் அன்னாசியும் ஒரு துண்டு தரலாம். அதே மலையில் விளையும் காப்பி மட்டும் ஒரு சொட்டுக்கூட ஆகாது. வெண்ணெய்ப்பழமும் சாக்லேட்டும் அதற்கு விஷம்.

வைத்தியருக்கு மலை இறங்கவேண்டும். நாமக்கல்லில் 1985-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கொல்லைப்புறத்தில் கோழி வளர்க்கிறீர்களா? கிளியை அவற்றோடு கலக்க விடாதீர்கள். கோழிகளுக்கு வரும் ராணிகேட் நோய் கிளிகளையும் தாக்கும்.

தனிமை தாங்காது

இந்தப் பறவை கூட்டமாக வாழப் பிறந்தது. காலையும் மாலையும் அது போடும் கூச்சல் பக்கத்து வீட்டையும் எழுப்பிவிடும். இறகிலிருந்து வெண்பொடி உதிரும். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் இந்த ஆசையை விட்டுவிடுவதே நல்லது. நாள் முழுவதும் தனியே விட்டால், ஏக்கத்தில் தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும். பேச்சுத் துணைக்குத் தினமும் ஓர் ஆள் வேண்டும்.

எத்தனை காலம்?

இதுதான் பெரிய கேள்வி. அமெரிக்காவில் சிகாகோ நகருக்கு அருகே புரூக்ஃபீல்டு மிருகக்காட்சிசாலை உள்ளது. அங்கே 'குக்கி' என்ற கொண்டைக்கிளி இருந்தது. ஒரு வயதுக் குஞ்சாக 1934-ல் வந்தது. இறந்தது 2016-ல். அப்போது அதற்கு வயது 83! எல்லாக் கிளியும் அவ்வளவு காலம் வாழாது. ஆனாலும் பெரிய இனங்கள் நல்ல பராமரிப்பில் 50, 60 ஆண்டுகள்கூட இருக்கும்.

உங்களுக்கு இப்போது வயது நாற்பது என்றால், கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்களுக்குப் பிறகு அதற்கு யார்? மகனா, மருமகளா, பேத்தியா? வீடு, நிலத்துக்கு உயில் எழுதுகிறோம். கிளிக்கும் இப்போதே ஒருவரைக் கேட்டு வைக்கவேண்டும். அவர் மனமாரச் சம்மதிக்கவும் வேண்டும்.

சம்மதம் கிடைத்ததா? தாராளமாகக் கூண்டு வாங்கப் புறப்படுங்கள். கிடைக்கவில்லையா? விடிந்ததும் வாசலுக்கு வந்து நில்லுங்கள். மலைக்காட்டுப் பச்சைக்கிளிகள் கீச்சிட்டுக்கொண்டு பறந்து போகும். காசு இல்லை, கூண்டு இல்லை, பார்த்துக்கொண்டே இருக்கலாம்!