பதினெட்டு வயதும் பெருந்திறன் மோட்டார் சைக்கிளும்

கல்லூரியில் சேரும் மகனுக்கு மோட்டார் சைக்கிள் வாங்கித் தருவது இன்று பல குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. எந்த வண்டி என்று முடிவெடுக்கும்போது விலையும் மைலேஜும் பேசப்படுகின்றன. எஞ்சின் திறன் பேசப்படுவதில்லை. இந்தியாவில் 2022ஆம் ஆண்டு சாலை விபத்துகளில் இறந்த ஏறத்தாழ 1.68 லட்சம் பேரில், நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். எனவே இதைப் பெற்றோரின் கவனத்துக்குக் கொண்டுவர விழைகிறோம்.

சட்டம் கூறுவது

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, 16 வயதில் 50 சி.சி.க்கு மேற்படாத கியரற்ற வண்டிக்கு மட்டுமே உரிமம் உண்டு. 18 வயது நிறைந்து கியர் வண்டிக்கு உரிமம் பெற்றவருக்கோ எஞ்சின் திறனில் உச்சவரம்பு இல்லை. நேற்று உரிமம் பெற்றவர் இன்று 1,000 சி.சி. வண்டியையும் ஓட்டலாம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2013 முதல் படிநிலை முறை உள்ளது. பொதுவாக 18 வயதினர் 35 கிலோவாட் வரையிலான வண்டிகளையே ஓட்ட இயலும். ஈராண்டு அனுபவத்துக்குப் பின்னரே பெருந்திறன் வண்டி. இம்முறை நம் நாட்டுக்கும் தேவை என்பது எங்கள் கருத்து.

மருத்துவம் கூறுவது

வேகம் இருமடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர், ஆபத்தை உணர்ந்து பிரேக்கைத் தொட ஒரு வினாடி எடுத்துக்கொண்டால், அதற்குள் வண்டி 22 மீட்டர் கடந்துவிடும். விளைவை எண்ணிப் பார்த்து உந்துதலை அடக்கும் மூளையின் முன்பகுதியோ இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. ஆற்றல் மிக்க எஞ்சினும் முதிராத நிதானமும் ஒன்றுசேர்வதே ஆபத்து.

2023 செப்டம்பரில் யூடியூபர் டி.டி.எஃப். வாசன், சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் காஞ்சிபுரம் அருகே பெருந்திறன் வண்டியில் சாகசம் செய்ய முயன்று விழுந்தார். கை எலும்பு முறிவுடன் உயிர் தப்பினார். அவரது உரிமம் பத்தாண்டுகளுக்கு முடக்கப்பட்டது. அத்தகைய காணொளிகளைக் கண்டு வண்டி கேட்கும் பிள்ளைகளுக்கு இந்த முடிவையும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

ரமணாசிரமத்தின் முன் செல்லும் செங்கம் சாலை கிரிவலப் பாதையும் ஆகும். அதிகாலையிலும் இரவிலும் முதியோரும் வெறுங்காலுடன் நடக்கும் அடியார்களும் அதில் செல்கின்றனர். இங்கு ஒருவரின் வேகத்துக்கு மற்றவர் விலை கொடுக்க நேரிடும்.

“100 சி.சி. வண்டியிலும் விபத்து நேரிடுகிறதே” என்று கேட்கலாம். உண்மைதான். சிறிய வண்டி தலைக்கவசத்துக்கு மாற்றாகாது. ஆனால் புதியவரின் பிழையைத் திருத்திக்கொள்ளச் சற்று அவகாசம் தரும்.

பெற்றோருக்கு எங்கள் பரிந்துரை

• முதல் ஈராண்டுகளுக்கு 125 சி.சி.க்கு மேற்படாத வண்டியே போதும்.
• ஓட்டுபவரும் பின்னிருப்பவரும் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள தலைக்கவசம் அணிந்து பட்டையைப் பூட்ட வேண்டும். தலைக்கவசம் இறப்பு அபாயத்தை ஏறத்தாழ 40 விழுக்காடு குறைக்கிறது.
• 18 நிறையாதவரிடம் சாவியைக் கொடுக்கலாகாது. 2019 திருத்தச் சட்டப்படி பெற்றோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.
• விபத்து நேர்ந்தால் உடனே 108ஐ அழையுங்கள். “இன்னுயிர் காப்போம்” திட்டத்தில் இணைந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே செலவை ஏற்கிறது.

வண்டியை மறுத்தால் பிள்ளை சில நாள்கள் முகம் வாடக்கூடும். அந்த வருத்தத்துக்கு மருந்து தேவைப்படாது.