வால்வு ஆம்பின் பின்பாதி

எலெக்ட்ரிக் கிட்டாரின் ஒலியில் கிட்டாருக்கு எவ்வளவு பங்கோ, அதன் ஆம்ப்ளிபயருக்கும் அவ்வளவு பங்கு உண்டு. பழைய வால்வு ரேடியோவுக்குள் சூடேறிக் கனன்ற அதே வகைக் கண்ணாடி வால்வுகளைத்தான் ஃபெண்டர், மார்ஷல், வாக்ஸ் நிறுவனங்களின் வால்வு ஆம்புகள் நம்பியிருக்கின்றன. அந்த ஆம்புகள் தூக்க முடியாத கனம். சத்தத்தை அண்டை அயலார் பொறுக்காத அளவுக்கு ஏற்றினால்தான் முழுக்குணமும் வெளிவரும். அதனால் 1998-ல் லைன் 6 நிறுவனத்தின் ‘பாட்’ என்ற சிறு கருவி வந்த காலந்தொட்டு, இந்த ஒலியைக் கணக்காக எழுதி டிஜிட்டலில் வரவழைப்பது பெருந்தொழிலாக வளர்ந்துவிட்டது. ஆனால் எதைக் கணக்காக எழுதுவது? முழு ஆம்பையும் ஒரே பொட்டலமாகவா, அல்லது முன்பாதியான பிரீஆம்ப் வேறு, பின்பாதியான பவர் ஆம்ப் வேறு என்று பிரித்தா? பிரித்தே ஆக வேண்டும் என்பது என் கட்சி. இரண்டும் ஒலியை முறுக்குகின்றன என்றாலும், முறுக்கும் விதம் அடியோடு வேறு.

பிரீஆம்பில் 12ஏஎக்ஸ்7 போன்ற சிறு வால்வுகள் கிட்டாரின் நலிந்த சிக்னலைப் படிப்படியாகப் பெருக்குகின்றன. பாஸ், ட்ரெபிள் திருகுகள் இடையில் வேலை செய்கின்றன. தனக்குப் பின்னால் எந்த ஸ்பீக்கர் மாட்டப்பட்டிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. பவர் ஆம்பின் கதை அப்படியல்ல. அங்கே ஈஎல்34, 6எல்6 போன்ற பெரிய வால்வுகள் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வழியாக ஸ்பீக்கரோடு நேரடியாக மல்லுக்கட்டுகின்றன. ஸ்பீக்கரின் முதுகில் 8 ஓம் என்று எழுதியிருக்கும். அது பெயரளவுக் கணக்கு. கூம்பு தானாக அதிர விரும்பும் 100 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ், அதாவது மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு, பல மடங்காக உயரும். கீச்சு ஒலிகளின் பக்கம் போகப் போக மறுபடியும் ஏறும். சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்ப் இதைச் சட்டை செய்வதில்லை. வால்வு ஆம்போ இம்பீடன்ஸ் ஏறும் இடத்தில் மின்னழுத்தத்தையும் ஏற்றிக் கொடுக்கிறது. அடிவயிற்றில் விழும் அந்தக் குத்தும் மேலே தெறிக்கும் மினுக்கும் ஆம்பும் ஸ்பீக்கரும் சேர்ந்து உண்டாக்கியவை.

மார்ஷல் ஆம்பின் ‘பிரசன்ஸ்’ திருகை எடுத்துக்கொள்வோம். ஸ்பீக்கருக்குப் போகும் சிக்னலில் ஒரு பங்கைத் தலைகீழாகத் திருப்பி அனுப்பி, பவர் ஆம்ப் தன்னைத் தானே கட்டுக்குள் வைத்திருக்கும். இதுதான் எதிர்ப் பின்னூட்டம். அந்தப் பின்னூட்டத்திலிருந்து கீச்சு ஒலிகளை மட்டும் கழித்துவிடுவதே பிரசன்ஸ் திருகின் வேலை. கட்டு தளர்ந்த இடத்தில் ஒலி எழும்பும். வாசிப்பவர் ஓங்கி அடித்து வால்வுகள் உச்சவரம்பைத் தொட்டுவிட்டால், பின்னூட்டம் எதைத் திருத்தச் சொன்னாலும் கொடுக்க வால்விடம் மிச்சம் இருக்காது. திருகு தன் பிடியை இழக்க, ஸ்பீக்கரின் சொந்த மேடுபள்ளங்கள் முன்னுக்கு வரும். வாக்ஸ் ஏசி30-ல் இந்தப் பின்னூட்டமே கிடையாது. அதன் திறந்த குணத்துக்கு அது ஒரு முக்கியக் காரணம். இவையெல்லாம் அடியின் வலுவுக்கேற்ப நொடிக்கு நொடி மாறுபவை. கடைசியில் ஓர் ஈக்வலைசரை ஒட்டவைத்து இதை ஈடுகட்ட முடியாது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு: நிஜ ஆம்பில் இரு பாதிகளுக்கும் மின்சாரம் ஒரே இடத்திலிருந்து வருகிறது, பவர் வால்வுகள் திடீரென்று அதிகம் இழுத்தால் பிரீஆம்புக்கும் அழுத்தம் குறையும், பிறகு எப்படிப் பிரிப்பது? உண்மைதான். ஆனால் அந்தத் தாக்கம் மின்தடைகளையும் கப்பாசிட்டர்களையும் கடந்து, மெதுவாகத்தான் பிரீஆம்பை எட்டுகிறது. மின்னழுத்தம் எவ்வளவு இறங்கியது என்ற ஒரே தகவலை இரு பாதிகளுக்கும் நடுவே அனுப்பினால் போதும். நிஜ ஆம்பின் ஒலியிலிருந்து கற்றுக்கொள்ளும் நியூரல் நெட்வொர்க் முழு ஆம்பையும் அப்படியே பிடித்துவிடுகிறதே என்பது அடுத்த கேள்வி. பிடிக்கிறது, வியக்கும்படி பிடிக்கிறது. ஆனால் வழக்கமாகப் பிடிபடுவது ஒரே திருகு அமைப்பும் ஒரே ஸ்பீக்கர் சுமையும்தான். கேட்பவருக்கு வித்தியாசம் தெரியாது என்பார்கள். கலந்து முடித்த பாட்டில் தெரியாமல் போகலாம். வாசிப்பவர் விரலுக்குத் தெரியும், அந்த விரல்தான் அடுத்த சுரத்தை எப்படி அடிப்பது என்று முடிவு செய்கிறது.

நடைமுறையிலும் பிரிவினை தவிர்க்க முடியாதது. டிஜிட்டல் கருவியை நிஜ வால்வு பவர் ஆம்பில் செருகுபவர் கணக்கில் எழுதிய பவர் ஆம்பை அணைக்காவிட்டால், ஒரே முறுக்கு இரண்டு முறை விழுந்து ஒலி குழம்பும். அதே கருவியைத் தட்டையான டிரான்சிஸ்டர் ஆம்போடு மேடைக்குக் கொண்டுபோனால் அந்தப் பகுதி கட்டாயம் வேண்டும். ஃப்ராக்டல் நிறுவனத்தின் ஆக்ஸ்-எஃப்எக்ஸ் என்ற டிஜிட்டல் கருவியில் அதை அணைக்கவும் ஸ்பீக்கர் சுமையின் வளைவைத் தனியே மாற்றவும் வழி இருக்கிறது. பல மென்பொருள்களில் இன்னும் ஒரு குறை: திரையில் ஸ்பீக்கர் பெட்டியை மாற்றினால் மைக்கில் விழும் ஒலி மட்டும் மாறுகிறது, பவர் ஆம்ப் பழைய பெட்டியையே சுமப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. பெட்டியோடு அதன் இம்பீடன்ஸ் வளைவும் சேர்ந்து மாற வேண்டும். பவர் ஆம்பைத் தனிப் பகுதியாக எழுதியவர்களால்தான் அதைச் செய்ய முடியும்.