ஊசிமுறை வைத்தியமும் உடல் மீட்சியும்

நோய் தணிந்த பின்னரும் நோவு தணியாதிருத்தல் உண்டு. பாரிசவாதத்தால் ஒரு பக்கம் தளர்ந்தவர்க்குத் தோளிலே நோவு தோன்றுகின்றது. நோவுக்கு அஞ்சி அவர் கையை அசையாது வைக்கின்றார். அசையாத மூட்டு இறுகுகின்றது. இறுகிய மூட்டோ முன்னிலும் மிக நோகின்றது. முழங்கால் தேய்ந்தவர்க்கும் நாரி நோவினால் வருந்துபவர்க்கும் நேர்வது இதுவே. நோவு, அசைவின்மை, இறுக்கம், மீண்டும் நோவு எனச் சுழன்றுவரும் இவ்வட்டத்தை எவ்விடத்திலேனும் அறுத்தல் புனர்வாழ்வு வைத்தியத்தின் முதற்பணியாகும். அதற்குரிய கருவிகளுள் ஒன்றாகச் சீனத்து ஊசியும் இன்று பல நாட்டு வைத்தியசாலைகளிற் கைக்கொள்ளப்படுகின்றது. அவ்வூசி செய்யவல்லது யாது, செய்யமாட்டாதது யாது என வேறுபிரித்து அறிதல் நோயாளர்க்கும் அவர்தம் சுற்றத்தார்க்கும் பெரிதும் வேண்டப்படுவதொன்றாம்.

இம்முறையின் தாயகம் சீனம். அந்நாட்டின் மாவாங்டுய் என்னுமிடத்தில் கி. மு. 168இல் மூடப்பெற்ற கல்லறையொன்று 1973இல் அகழப்பட்டபோது, பட்டில் எழுதிய வைத்தியச் சுவடிகள் கிடைத்தன. அவை உடலில் ஓடும் வழிகளைக் கூறுகின்றன. ஊசியாற் குத்துதலைக் கூறவில்லை. கி. மு. 113இல் அடக்கஞ் செய்யப்பட்ட லியு செங் என்னும் இளவரசனின் கல்லறை 1968இல் திறக்கப்பட்டபோதோ பொன் ஊசிகளும் வெள்ளி ஊசிகளும் வெளிப்பட்டன. ஆதலின் ஊசிமுறை அக்காலத்தையொட்டியே ஒழுங்குபெற்ற கலையாக உருக்கொண்டதென அறிஞர் பலர் கருதுவர். மஞ்சட் பேரரசனின் பெயரால் வழங்கும் பழைய வைத்திய நூல் இதன் கொள்கையை விரித்துரைக்கின்றது. உடலெங்கும் 'சீ' என்னும் உயிராற்றல் குறித்த வழிகளில் ஓடுகின்றது என்பதும், அவ்வோட்டந் தடைப்படின் நோவும் நோயும் தோன்றும் என்பதும், வழிகளிலுள்ள புள்ளிகளில் ஊசியை இறக்கித் தடையை நீக்கலாம் என்பதும் அக்கொள்கையின் சாரமாம். சொங் அரசர் காலத்தில், 1027ஆம் ஆண்டளவில், வாங் வெய்யி என்னும் வைத்தியர் புள்ளிகள் பொறித்த வெண்கல மனிதவுருக்களை வார்ப்பித்தார். உருவை மெழுகினாற் பூசி உள்ளே நீர் நிரப்பி மாணாக்கரைச் சோதித்தனர் எனவும், சரியான புள்ளியிற் குத்தியவன் ஊசி வழியே நீர் கசிந்தது எனவும் கூறுவர்.

மேனாட்டார்க்கு இதனை விரிவாக அறிமுகஞ் செய்தவருள் முன்னின்றவர் வில்லெம் தென் ரைன் என்னும் ஒல்லாந்த வைத்தியர். யாழ்ப்பாணத்தை அக்காலத்தில் ஆண்ட அதே ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் பணியாளராக அவர் யப்பான் நாட்டிலிருந்தபோது இக்கலையைக் கண்டார். 1683இல் இலண்டனில் வெளிவந்த அவரது இலத்தீன் நூலின் வாயிலாகவே 'அக்குபங்சர்' என்னும் பெயர் பரவிற்று. 'அக்கஸ்' என்பது ஊசி. 'பங்க்தூரா' என்பது குத்துதல். 1892இல் வில்லியம் ஒஸ்லர் எழுதிய பேர்பெற்ற வைத்திய நூலும் திடீரென வரும் நாரி நோவுக்கு ஊசிகுத்துதலைப் பரிந்துரைத்தது. சீனத்திலோ 1822இல் பேரரசன் ஆணையால் அரச வைத்தியக் கழகத்தினின்றும் இது நீக்கப்பட்டது. 1949இன் பின்னரே அரசின் பேராதரவை மீண்டும் பெற்றது.

உலகோர் கவனம் இதன்பால் மிகுதியாகத் திரும்பிய ஆண்டு 1971. 'நியூயோர்க் ரைம்ஸ்' இதழின் எழுத்தாளரான ஜேம்ஸ் ரெஸ்ரன் பீகிங் நகரிற் குடல்வால் அழற்சியுற்று அறுவை செய்விக்கப்பட்டார். அறுவைக்கு வழக்கமான உணர்விழப்பு மருந்தே செலுத்தப்பட்டது. பின்னர் வயிற்றில் எழுந்த உப்பிசத்தைத் தணித்தற்கே ஊசி பயன்பட்டது. அவர் உள்ளவாறே எழுதினார். ஆயினும் செய்தி வாய்மாறிச் செல்லுகையில், ஊசியொன்றினாலேயே வயிறு அறுக்கப்பட்டதென்ற கதையாகப் பலரிடம் வளர்ந்தது. இக்கலையைப்பற்றிய மிகைநம்பிக்கைக்கு இஃதொரு தக்க எடுத்துக்காட்டாகும். இலங்கையிலும் 1970களில் களுபோவிலை வைத்தியசாலையில் அன்ரன் ஜயசூரிய என்னும் வைத்தியர் இம்முறையைக் கைக்கொண்டு பிறர்க்கும் பயிற்றினார்.

ஊசி நோவைத் தணிப்பது எவ்வாறு? பண்டைச் சீனர் கூறிய வழிகளை உடலை அறுத்து ஆராய்ந்தோர் தனியுறுப்பாகக் கண்டாரல்லர். ஆயின் நரம்பியல் வேறு விளக்கந் தந்துள்ளது. 1965இல் மெல்சாக், வோல் என்னும் இருவர் 'வாயிற் கொள்கை'யை வெளியிட்டனர். முண்ணாணில் நோவுணர்ச்சி மூளைக்கு ஏறுமிடத்து ஒரு வாயில் இருப்பதுபோலும் எனவும், தொடுகை முதலிய பிறவுணர்ச்சிகள் அவ்வாயிலைச் சாத்தவல்லன எனவும் அவர் உரைத்தனர். அடிபட்ட இடத்தைக் கையாற் தேய்க்க நோவு குறைதலும் இதனால் விளங்கும். 1975இல் மூளையே சுரக்கும் அபின் போன்ற பொருள்கள் அபெர்டீன் நகரிற் பிரித்தறியப்பட்டன. அடுத்த ஆண்டில் றொரன்றோவில் பொமெரன்ஸ் என்பாரும் அவருடன் ஆய்ந்தவரும், ஊசிதூண்டலால் எலிகளிடத்து உண்டாகும் நோத்தணிவு, அபினின் செயலைத் தடுக்கும் நலொக்சோன் என்னும் மருந்தைச் செலுத்தியவுடன் தடைப்படுதலைக் காட்டினர். எனவே ஊசி வெளியிலிருந்து யாதொரு மருந்தையும் உட்செலுத்துவதன்று. உடல் தன்னகத்தே கொண்ட மருந்தை வெளிப்படுத்துவதாம்.

இனி, மனிதரிடத்து அதன் பயனை அளந்தறிந்த வகை நோக்கற்பாலது. 2007இல் வெளிவந்த யேர்மனிய ஆய்வொன்றில் நெடுநாள் நாரி நோவுடைய 1,162 பேர் மூன்று பகுதியினராக்கப்பட்டனர். உரிய புள்ளிகளில் ஊசி பெற்றோருள் நூற்றுக்கு 47.6 பேரும், புள்ளியல்லாவிடத்து மேலோட்டமாகக் குத்தப்பட்டோருள் 44.2 பேரும், வழக்கமான வைத்தியம் பெற்றோருள் 27.4 பேரும் ஆறு திங்களின் பின் நலங்கண்டனர். 2012இல் 29 ஆய்வுகளிலுள்ள 17,922 நோயாளரின் விபரங்களை ஒருங்கு சேர்த்துக் கணித்தோரும் இதனையொத்த முடிபையே கண்டனர். நோவின் அளவு நூற்றுக்கு 60 ஆகத் தொடங்குமெனின், ஊசி பெறாதோர்க்கு 43 ஆகவும், போலி ஊசி பெற்றோர்க்கு 35 ஆகவும், மெய்யூசி பெற்றோர்க்கு 30 ஆகவும் குறையுமென அவர் விளக்கினர். இவற்றாற் பெறப்படுவன இரண்டு. நோயாளர் அடையும் ஆறுதல் மெய்யானது என்பது ஒன்று. அவ்வாறுதலின் பெரும்பகுதி புள்ளியின் நுட்பத்தால் வருவதன்று. வைத்தியரின் கவனிப்பும் நோயாளரின் எதிர்பார்ப்பும் தோலின் தூண்டலும் சேர்ந்து தருவது என்பது மற்றொன்று.

நோவைத் தணித்தல் வேறு; இழந்த இயக்கத்தை மீட்டல் வேறு. இவ்வேறுபாட்டைச் சுவீடன் நாட்டு ஆய்வுகள் தெளிவுறுத்துகின்றன. 1993இல் லுண்ட் நகரத்து ஆய்வாளர் பாரிசவாதமுற்ற 78 பேரை ஆராய்ந்து, வழக்கமான இயன்மருத்துவத்தோடு பத்து வாரம் ஊசியும் பெற்றோர் நடையிலும் அன்றாடச் செயல்களிலும் மேம்பட்டனர் என்றனர். பலர் உள்ளத்தில் நம்பிக்கை மலர்ந்தது. ஆனால் அவ்வாய்வில் மற்றைப் பகுதியினர் அதற்கீடான தனிக்கவனிப்பு யாதும் பெற்றிலர். அக்குறையை உணர்ந்த அவ்வாய்வாளர் பிறரோடு கூடி, 150 நோயாளரைக்கொண்டு, ஒப்புநோக்கற்குரியோர்க்கும் ஈடான கவனிப்பளித்து மீண்டும் ஆராய்ந்து 2001இல் முடிபை வெளியிட்டனர். இம்முறை வேற்றுமை யாதுங் காணப்படவில்லை. தாமே கட்டிய நம்பிக்கையைத் தாமே சோதித்துக் குறைத்துக்கொண்ட அவர்தம் நேர்மை கற்போர்க்கு முன்மாதிரியாதல் தகும்.

அறிவுரை வகுப்போரும் இத்தகைய சான்றுகளை நோக்கியே தம் கருத்தை மாற்றிவந்துள்ளனர். பிரித்தானிய அரசின் வைத்தியத் தர நிறுவனம் நாரி நோவுக்கு ஊசியை 2009இல் ஏற்றது. 2016இல் அதனை விலக்கிற்று. 2021இல், வேறு காரணம் புலப்படாத நெடுநாள் நோவுக்கு வரையறையுடன் மீண்டும் இடமளித்தது. ஐக்கிய அமெரிக்காவில் முதியோர்க்குரிய அரச வைத்தியக் காப்புறுதி 2020 தொடக்கம் நெடுநாள் நாரி நோவுக்கு ஆண்டொன்றில் இருபது முறைக்கு மேற்படாது ஊசிச் செலவை ஏற்கின்றது.

ஊசி மயிர்போல் மெல்லியதேனும் தீங்கற்றதென்று கொள்ளலாகாது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் தூய ஊசியன்றேல் குருதிவழி நோய்கள் தொற்றும். மார்பிலும் முதுகிலும் ஆழக் குத்தின் நுரையீரல் துளைபடும். குருதி உறையாமைக்கு மருந்துண்போர் அதனை முன்னரே தெரிவித்தல் வேண்டும். எல்லாவற்றினும் முதலாவதாக, நோவின் காரணம் இன்னதென வைத்தியராற் தெளியப்படல் வேண்டும். முறிந்த எலும்பையும் வளருங் கட்டியையும் மறைத்து நோவைமட்டும் தணித்தல் நன்மையன்று.

தக்கவிடத்து ஊசி தரும் பயன் யாதெனில், நோவு சற்றே தணிந்த சிறுபொழுதாகும். அப்பொழுதில் நோயாளர் தோளை உயர்த்திப் பழகுவாராயின், பத்தடி நடந்தவர் இருபதடி நடப்பாராயின், முன்கூறிய வட்டம் அறுபடத் தொடங்கும். படுக்கையிற் கிடந்தவாறே ஊசியை மட்டும் நம்பியிருப்பாராயின் பொழுது வீணே கழியும். பாரிசவாதத்தின்பின் முதல் திங்கள்களில் இழக்கும் பயிற்சியைப் பின்னர் ஈடுசெய்தல் அரிது. கதவைத் திறந்துவிடுதல் ஊசியின் தொழில். அதன் வழியே நடந்து செல்லுதல் நோயாளரின் தொழில். இவ்விரண்டையும் ஒன்றாக மயங்காதிருப்பதே இக்கலையாற் பயன்கொள்ளும் நெறியாம்.