ரேடியம் சொல்லும் ஊற்றுக் கணக்கு

தங்கச்சிமடம் வில்லூண்டித் தீர்த்தத்தில், சுற்றிலும் கடல் இருக்கக் கிணற்றில் மட்டும் நல்ல தண்ணீர் எப்படி என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நிலத்தடி நீர் கடற்கரையோடு நின்றுவிடுவதில்லை. மணலுக்குள் புகுந்து கடலுக்கு அடியிலும் போய்க் கசிகிறது. நாக்குக்குத் தெரியும் ஊற்று அபூர்வம். தெரியாமல் கசிவதுதான் அதிகம். அதை எப்படி அளப்பது?

அமெரிக்காவின் தெற்குக் கரோலினா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லர்ட் மூர் இதற்கு ரேடியத்தைத் துணைக்கழைத்தார். மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியமும் தோரியமும் சிதைந்து உண்டாவது அது. நன்னீரில் களிமண் துகளை விடாமல் பற்றிக்கொண்டிருக்கும். உப்பு நீர் பட்டதும் பிடியை விட்டுக் கரைந்துவிடும். இந்தக் குணம்தான் எனக்குத் தீராத வியப்பு. அதனால் கரையோர மணலில் ஊறும் உப்பு கலந்த நீரில் ரேடியம் ஏராளம். திறந்த கடலில் சொற்பம். சொற்பத்தைச் சேர்க்க, மாங்கனீசு ஆக்சைடு ஏற்றிய அக்ரிலிக் நாரை வைத்திருக்கிறார்கள். கன்னங்கரேலென்று இருக்கும். நூற்றுக்கணக்கான லிட்டர் கடல்நீரை அதன் வழியே நிதானமாக விட்டால், உப்பெல்லாம் ஓடிப்போகும். ரேடியம் நாரிலேயே தங்கும்.

அடுத்தது கணக்கு. மோட்டார் ஓடியும் கிணற்று மட்டம் இறங்காவிட்டால், இறைப்பு எவ்வளவோ ஊற்றும் அவ்வளவு என்பார் அப்பா. கடலோரத்திலும் அதே கதைதான். நீரோட்டம் ரேடியத்தை ஆழ்கடலுக்கு இழுத்துப் போய்க்கொண்டே இருக்கிறது. ஆனாலும் கரையோரத்தில் அது தீர்வதில்லை. இழுப்பின் வேகத்தை, 3.7 நாளில் பாதியாகும் ரேடியம்-224உம் 11.4 நாளில் பாதியாகும் ரேடியம்-223உம் காட்டிக்கொடுக்கும். 1,600 ஆண்டில் பாதியாகும் ரேடியம்-226 தேய்வதாகவே கொள்ள வேண்டியதில்லை. குறைந்ததெல்லாம் நீரோட்டம் கொண்டுபோனதுதான். அந்த இழப்பில் ஆறு தருவதைக் கழித்து, மீதியை ஒரு லிட்டர் நிலத்தடி நீரில் உள்ள ரேடியத்தால் வகுத்தால் கசிவின் அளவு கிடைக்கும். 1996இல் மூர் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட விடை: தெற்குக் கரோலினாப் பக்கத்துக் கரையில் ஆறுகள் கொண்டுவரும் நீரில் சுமார் 40 சதவீதத்துக்கு ஈடானது மண்ணுக்கடியில் வருகிறது. அத்தனையும் நன்னீர் அல்ல. மணலுக்குள் புகுந்து திரும்பும் கடல்நீரும் அதில் சேர்த்தி.

வயல் உரத்தின் நைட்ரேட்டும் செப்டிக் டேங்க் கசிவும் இதே வழியில்தான் கடலைச் சேர்கின்றன. முகத்துவாரத்தில் மட்டும் தண்ணீரைச் சோதித்துவிட்டுக் கடல் சுத்தம் என்று எழுதுவது தவறு. கடலில் வீணாகிறதே என்று கரையோரமெல்லாம் போர் போட்டு உறிஞ்சுவது அதைவிடப் பெரிய தவறு. உள்ளிருந்து தள்ளும் நீர் குறைந்தால் கடல் உள்ளே வரும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் அளவுக்கு மீறி இறைத்ததில், உப்பு நீர் பல கிலோமீட்டர் உள்ளே ஏறிக் கிணறுகளைக் கெடுத்துவிட்டது.