போல்ட்டின் தலையில் இருப்பதைப் படியுங்கள்

காரின் எஞ்சினை உடலோடு சேர்த்துப் பிடித்திருப்பவை மூன்று நான்கு மவுண்டிங்குகளும் அவற்றின் பிராக்கெட்டுகளும்தான். அந்தப் பிராக்கெட்டுகளைப் பிடித்திருப்பவை விரல் நீளமுள்ள சில போல்ட்டுகள். அவற்றில் ஒன்று உடைந்தால், "கைக்குக் கிடைத்ததைப் போட்டு முறுக்கு" என்று சொல்பவர்கள் உண்டு. அது சரியா?

பேராவில் ரப்பர் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் வந்த குடும்பங்கள் பலவற்றுக்கு, வேலைக்குப் போகவும் பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் ஒரு பழைய காரே துணை. சில வெள்ளி போல்ட்டால் அந்தக் கார் நடுவழியில் நின்றால் அன்றைய சம்பளம் போகும். மெனோரா சுரங்கப்பாதை ஏற்றத்தில் நின்றால் உயிருக்கே ஆபத்து.

முதலில், போல்ட் செய்யும் வேலை என்ன? முறுக்கும்போது அது மிகச் சிறிதளவு நீள்கிறது. ரப்பர் வளையம் போல மீண்டும் சுருங்கப் பார்க்கிறது. அந்த இறுக்கமே பிராக்கெட்டை எஞ்சினோடு அழுத்திப் பிடிக்கிறது. இறுக்கம் குறைந்தால் பிராக்கெட் நகரும். பாரம் போல்ட்டின் குறுக்கே விழும். நாளடைவில் போல்ட் துண்டாகும். ஆகவே போல்ட் துளைக்குள் நுழைந்தால் போதாது, இறுக்கத்தைத் தாங்கவும் வேண்டும்.

இரண்டாவது, அளவு. கடையில் "14 போல்ட் கொடுங்கள்" என்று கேட்பது வழக்கம். 14 என்பது ஸ்பேனரின் அளவு. ஜப்பானிய முறையில் 14 ஸ்பேனர் பிடிக்கும் போல்ட்டின் தண்டு பெரும்பாலும் 10 மில்லிமீட்டர்தான். 12 ஸ்பேனருக்கு 8, 17 ஸ்பேனருக்கு 12. தண்டை அளந்து கேட்பதே சரி.

மூன்றாவது, மரை. பலரும் ஏமாறுவது இங்கேதான். 1985-இல் மிட்சுபிஷி தொழில்நுட்பத்தோடு வந்த புரோட்டோன் சாகா, 1994-இல் டைஹட்சுவைத் தழுவி வந்த பெரோடுவா கஞ்சில் போன்ற கார்களில் 10 மில்லிமீட்டர் போல்ட்டின் மரை இடைவெளி பொதுவாக 1.25 மில்லிமீட்டர். சாதாரண ஹார்ட்வேர் கடையில் கிடைப்பதோ 1.5. இரண்டு சுற்று போகும், பிறகு இறுகும். "துரு பிடித்திருக்கிறது" என்று நினைத்து முறுக்கினால் துளையின் மரை அழியும். தோட்டத்துப் பழைய ஆங்கிலேய இயந்திரங்களின் அங்குல போல்ட்டுகளைத் தகர டின்னில் சேர்த்து வைத்திருப்போரும் கவனிக்க வேண்டும். 5/16 அங்குலம் என்பது 7.94 மில்லிமீட்டர், பார்வைக்கு 8 மில்லிமீட்டர் போலவே இருக்கும், மரை பொருந்தாது.

சோதிப்பது எளிது. பழைய போல்ட்டையும் புதியதையும் மரையோடு மரை சேர்த்து வெளிச்சத்தில் பிடியுங்கள். இடையில் ஒளி தெரியாமல் பொருந்த வேண்டும். பிறகு கையாலேயே கடைசி வரை சுற்றிப் பாருங்கள்.

நான்காவது, வலிமை. போல்ட்டின் தலையில் 8.8, 10.9 என்ற எண்கள் இருக்கும். 8.8 என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் வரை இழுவையைத் தாங்கும். 640-ஐத் தாண்டினால் நிரந்தரமாக நீண்டுவிடும். 10.9-க்கு இவை 1000, 900. ஜப்பானிய போல்ட்டுகளில் 4, 7, 9 என்ற ஒற்றை எண் இருக்கலாம். 7 இருந்த இடத்தில் 8.8 போடலாம், 9 இருந்த இடத்தில் 10.9 வேண்டும். எண்ணே இல்லாத போல்ட் எஞ்சினுக்கு ஆகாது. பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் அப்படியே. பரவலாக விற்கும் 70 தரம் ஏறத்தாழ 450 நியூட்டனிலேயே நீளத் தொடங்கும்.

ஐந்தாவது, நீளம். தலைக்குக் கீழிருந்து நுனி வரை அளக்க வேண்டும். குட்டையாக இருந்தால் சில மரைகளே பிடிக்கும். அலுமினியத் துளையில் அவை பிய்ந்து வரும். நீளமாக இருந்தால் நுனி துளையின் அடியில் முட்டும். ஸ்பேனருக்கு இறுகியதாகத் தோன்றும், பிராக்கெட்டோ தளர்ந்தே இருக்கும்.

கழற்றும் முன் எஞ்சினுக்குக் கீழே பலகை வைத்து ஜாக்கியால் தாங்குங்கள். முறுக்கும் அளவு அந்தக் காரின் பழுதுபார்ப்புக் கையேட்டில் இருக்கும். டார்க் ஸ்பேனர் வைத்திருக்கும் போர்மேனிடம் கொடுப்பது நல்லது. கையேடு சொல்லாவிட்டால் மரையில் எண்ணெய் தடவ வேண்டாம். அதே முறுக்கில் போல்ட் கூடுதலாக நீண்டுவிடும்.

கடைக்குப் போகும்போது உடைந்த போல்ட்டின் துண்டுகளை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். துண்டு கிடைக்கவில்லையா? அதே ரகக் காரின் அதே இடத்திலிருந்து கழற்றிய போல்ட்டைப் பார்த்து அளவெடுங்கள். ஊகித்து வாங்காதீர்கள்.