நீரடியில் ஒரு விகாரை



தலம் காணப் புறப்படுவோர் நல்ல நாள் பார்ப்பது வழக்கம். நமது மலைநாட்டிலோ, மழை பொய்த்த காலத்தில் மட்டுமே காட்சி தரும் தலம் ஒன்று உண்டு. கொத்மலை நீர்த்தேக்கத்தினுள் மூழ்கிய கடதொர விகாரையே அது.

கொத்மலை பழம்பெருமை வாய்ந்த பள்ளத்தாக்கு. இளவரசனாயிருந்த துட்டகைமுனு, தந்தையின் சினத்துக்கு அஞ்சி இங்கே மறைந்து வாழ்ந்தான் என்பது மரபு. 13ஆம் நூற்றாண்டில் மாகனின் படையெடுப்பு நேர்ந்தபோது, புத்தபிரானின் புனித தந்தத்தைப் பிக்குகள் இம்மலைப் பகுதியில் மறைத்துக் காத்தனர் எனச் சூளவமிசம் கூறுகின்றது.

இத்தகைய பள்ளத்தாக்கிலேதான் மகாவலித் திட்டத்தின்கீழ் 1979இல் அணை வேலை தொடங்கி, 1985இல் நிறைவுற்றது. கொத்மலை ஓயாவை மறித்து நிற்கும் அணையின் உயரம் 87 மீற்றர்; மின்னிலையத்தின் ஆற்றல் 201 மெகாவாற்று. நாடு ஒளி பெற்றது. ஊர்களும் வயல்களும் விகாரைகளும் நீருள் மறைந்தன. குடிபெயர்ந்தோருள் சிலர் அயலிலுள்ள தேயிலை நிலங்களில் அமர்ந்தனர். வேறு பலர் தொலைவிலுள்ள வறண்ட வலயக் குடியேற்றங்களுக்குச் சென்றனர்.

இது கொத்மலைக்கு மட்டும் உரிய கதையன்று. மவுசாகலை நீர்த்தேக்கம் வற்றும்போது, பழைய மஸ்கெலியா நகரத்து இந்து ஆலயத்தின் எச்சங்களும் வெளிப்படுகின்றன.

யப்பான் நாட்டிலே இசே என்னும் சிந்தோ ஆலயத்தை இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை, பக்கத்து நிலத்தில் புதிதாகக் கட்டுகின்றனர். இறுதியாக 2013இல் அவ்வாறு செய்தனர். மரம் புதிது, முறையும் வழிபாடும் பழையன. கட்டடம் மாறினும் தலம் அழிவதில்லை என்பதே அவர்தம் கொள்கை. கொத்மலையிலும், மூழ்கிய விகாரைகளின் நினைவாக எழுப்பப்பட்ட மகாவலி மகா சேய 2016இல் திறந்துவைக்கப்பட்டது. எனினும், நீர் வற்றியதும் மக்கள் பழைய சுவர்களையே நாடிச் செல்கின்றனர். முன்னோர் கைகூப்பிய இடத்துக்கு ஈடாக வேறோர் இடத்தை மனம் எளிதில் ஏற்பதில்லை போலும்.

ஆகவே, அங்கே செல்வோர் ஒன்றை நினைத்தல் வேண்டும். நமக்குக் காட்சி கிடைக்கும் நாள், உழவனுக்கும் மின்னிலையத்துக்கும் வறட்சி நாள். சேறு படிந்த அச்சுவர்கள் வேடிக்கைப் பொருளல்ல. ஓர் ஊரார் நாட்டுக்காக விட்டுக்கொடுத்த வழிபாட்டிடம். சுவர்மீது ஏறாது, கல்லொன்றையும் பெயர்த்தெடுக்காது, சற்றே நின்று வணங்கித் திரும்புவோம். நம் இல்லத்து விளக்கொளியில் அவர்களுக்கும் பங்குண்டு.